அரக்கு நிறப் பெட்டியின் அந்தப் பக்கம்

வண்ணார்பேட்டையில் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கும் தம்பிக்கு என்னைக் கண்டாலே சிரிப்பு வரும். முதன்முதலாக அவன் கடையில் போய் நின்று பிரேக் ஆயில் கேட்டபோது, துடைத்துக்கொண்டிருந்த ஸ்பானரை அப்படியே கையில் வைத்துக்கொண்டு பார்த்தான்.

"எதுக்குக்கா பிரேக் ஆயிலு? ஒங்கள்ட்ட வண்டியே கெடையாதே."

"ரயிலுக்கு."

அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. வீட்டுக்காரர் ரயில்வேயில் இருக்கிறார், ஏதோ வேலையாக இருக்கும் என்று நினைத்திருப்பான். நானும் விளக்கம் சொல்லவில்லை. ஐம்பத்தைந்து வயதில் ஒருத்தி பொம்மை ரயிலுக்குப் பெயின்ட் உரிக்கிறாள் என்று தெரிந்தால் பிறகு அந்தத் தெருவழியாகப் போக முடியாது.

ரயில் என் மகனுடையது. காலேஜில் படிக்கும்போது ஆசை ஆசையாக வாங்கிச் சேர்த்தான். ஒரு இன்ஜின், நாலைந்து பெட்டி, எல்லாம் அசல் போலவே நீல நிறத்தில். ஒரு பெட்டி ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். துபாய்க்கு வேலைக்குப் போனபோது அட்டைப் பெட்டியில் கட்டி பரண்மேல் போட்டுவிட்டான். எடுத்து ஏதாவது செய்யட்டுமா என்று போனில் கேட்டேன். "ஒங்க இஷ்டம்மா" என்றான். அவனுக்கு இப்போது வேறு ஆசைகள்.

நான் தையல்காரி. வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். என் வீட்டுக்காரர், தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியைக் குத்தி இறுக்கும் பெரிய மெஷினில் டெக்னீஷியன். அந்த மெஷின் எந்த ஊரில் வேலை செய்கிறதோ அந்த ஊர் ஸ்டேஷனில், ஓரத்துத் தண்டவாளத்தில், அவர்கள் தங்கும் பெட்டியும் நிற்கும். பழசாகிப்போன பயணிகள் பெட்டி ஒன்றை வாங்கி, சீட்டை எல்லாம் பிடுங்கிவிட்டு, ஒரு பக்கம் அடுப்படி, ஒரு பக்கம் சாமான் அறை, நடுவில் கட்டில்கள் என்று மாற்றி, வேறு பெயின்ட் அடித்துக் கொடுத்திருப்பார்கள். பாலக்காட்டுப் பக்கம், சேலத்துப் பக்கம், விழுப்புரத்துப் பக்கம் என்று அது போய்க்கொண்டே இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு வீடு அதுதான். எங்கள் வீட்டுக்கு அவர் விருந்தாளி மாதிரி வந்து போவார். அப்போதுவரை அந்தப் பெட்டிக்குள் நான் கால் வைத்ததே இல்லை.

"பொம்பளைய வாற எடமாட்டி அது?" என்பார்.

வராத இடத்தைச் செய்து பார்ப்போம் என்றுதான் மகனுடைய பெட்டியில் ஒன்றைக் கையில் எடுத்தேன். வேறு காரணம் எதுவும் கிடையாது. வீட்டில் பேச ஆள் இல்லாதவளுக்குக் கை சும்மா இருந்தால் மனசு கண்ட பக்கமும் ஓடும்.

முதல் பெட்டியை நான் கொலை செய்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். நீலப் பெயின்டை எடுக்க நகப்பாலிஷ் அழிக்கும் தண்ணீரைத் தடவினேன். பெயின்டோடு பிளாஸ்டிக்கும் இளகி, பெட்டியின் பக்கவாட்டுச் சுவர் மழையில் நனைந்த அப்பளம் போலத் தொய்ந்துவிட்டது. அழுகையே வந்தது. அப்புறம் மகன்தான் எங்கோ விசாரித்து பிரேக் ஆயில் யோசனையைச் சொன்னான். தட்டில் ஊற்றி, பெட்டியின் மேல்கூட்டை மட்டும் கழற்றி அதில் ஊறப்போட்டு, மறுநாள் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் நீலம் தோல் தோலாக வருகிறது. அடியில் சாம்பல் நிறத்தில் வெறும் பெட்டி. அதைப் பார்த்தபோது, புதுச்சேலையைக் கஞ்சி போக அலசிய மாதிரி ஒரு நிம்மதி.

எதை அடைக்க வேண்டும், எதை விட வேண்டும் என்பதற்கு அவர் அனுப்பிய போட்டோக்கள் இருந்தன. சாமான் அறை வரும் இடத்தில் ஜன்னல் கூடாது. இனிப்புக் கடை டப்பாவின் மூடியிலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் வெட்டி, ஜன்னல் துவாரத்தில் பதித்து, விளிம்பில் பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து மட்டமாக்கினேன். ஜன்னல் இருந்த சுவடு கொஞ்சம் தெரிய வேண்டும். அசல் பெட்டியிலும் தெரியும். கூரைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பேனா மூடி. அடுப்படிப் புகைபோக்கிக்குக் குளிர்பானக் குழாயில் ஒரு துண்டு.

நிறம்தான் பாடாய்ப் படுத்தியது. வெயிலில் எடுத்த போட்டோவில் ஒரு அரக்கு, நிழலில் எடுத்ததில் வேறு அரக்கு. எனக்கு அளவு தப்பினால் பிரித்துத் தைக்காமல் தூக்கம் வராது. அவரோடு சண்டை போட்டேன். அடுத்த முறை வந்தபோது சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். உள்ளே, பெட்டியிலிருந்து உரித்த பெயின்ட் சிம்பு ஒன்று, நகத்தளவு. சேலைக்கு லைனிங் துணி எடுக்கும்போது கடைக்கு வெளியே வெயிலில் கொண்டுபோய்ப் பார்ப்போம் இல்லையா, அப்படி வாசலில் நின்று சிம்பைப் பார்த்துப் பார்த்துப் பெயின்ட் கலந்தேன். அவர் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் கருப்பு விடு" என்றார். அன்றைக்கு எங்களைப் பார்த்தவர்கள் இந்த வீட்டில் ஏதோ விசேஷம் என்று நினைத்திருப்பார்கள்.

போட்டோ எல்லாமே பெட்டியின் ஒரு பக்கம்தான். அவர்கள் இறங்கி ஏறும் பக்கம், துணி காயப்போடும் பக்கம். மறுபுறம், அந்தப் பக்கம், ரயில் ஓடும் மெயின் லைன் என்பதால் நின்று படம் எடுக்க முடியாதாம். "அங்கனயும் இதே மாதிரிதான்" என்று சொல்லிவிட்டார். அவருடைய கட்டில் அந்தப் பக்கத்தில், சாமான் அறையை ஒட்டிய மூலையில். கட்டில் தலைமாட்டில் ஒரு ஜன்னல்.

அந்த ஜன்னலைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும். தினமும் வேலை முடிந்து சாயங்காலம் போன் பண்ணுவார். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழை உண்டா, இல்லை. இதோடு பேச்சு தீர்ந்துவிடும். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் எத்தனை வருஷம்தான் எதைப் பேசுவது? அதனால் நான் ஒன்று கேட்பேன்.

"ஜன்னல்ல என்ன தெரியுது?"

அவர் சொல்ல ஆரம்பிப்பார். பனைமரத்தடியில் மயில் நிக்கு. குளத்துல தண்ணி வத்திட்டு, கொக்கு மட்டும் கெடக்கு. இப்ப ஒரு எக்ஸ்பிரஸ் போச்சு, ஒரு பிள்ளை டாட்டா காட்டிச்சு, நானும் காட்டினேன். நான் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தப் பேச்சுதான் எங்கள் குடித்தனம். மற்றதெல்லாம் ரேஷன் கார்டில் இருப்பது.

ஒரு தடவை, வெயில் அடிக்குமே என்று பச்சையில் வெள்ளைப்புள்ளி போட்ட துணியில் திரை தைத்துக் கொடுத்துவிட்டேன். நல்லா இருக்கு, மாட்டியாச்சு என்றார். அதே துணியில் மிச்சம் கிடந்த துண்டில் சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு இன்னொரு திரை வெட்டி, சின்னப் பெட்டியிலும் ஒட்டினேன். அந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும் கண்ணாடியை மூன்று முறை மாற்றினேன். பசை பட்டு மங்கினால் எனக்குப் பொறுக்கவில்லை.

போன மாசியில் அந்தப் பெட்டி எங்கள் பக்கமே வந்தது. திருச்செந்தூர் போகிற பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷன். ரெண்டு மூணு நாள் வேலைதான், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன் என்றார். ஞாயிறு வரை எனக்குப் பொறுக்க முடியவில்லை. அந்தப் பக்கத்தை ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட்டால் பெட்டியை முடித்துவிடலாம். சொல்லாமல் போய் நிற்போமே என்று ஒரு குறும்பும்தான். தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைத்து, இஞ்சிப் பச்சடி அரைத்து, தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு, முருகனைப் பார்க்கப் போகிற கூட்டத்தோடு காலை ரயிலில் ஏறிவிட்டேன்.

தூரத்திலேயே தெரிந்துவிட்டது. நான் கலந்த அரக்கு, அப்படியே. ஒரு சாண் பெட்டியாக மடியில் வைத்துப் பழகியதை அத்தனை பெரிதாகப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. சமையல்காரர் மட்டும் இருந்தார், மற்றவர்கள் லைனுக்குப் போயிருந்தார்கள். யார் என்று சொன்னதும் பதறிப்போய்ப் படியில் கைகொடுத்து ஏற்றினார்.

"அண்ணாச்சி இப்பத்தாம்மா போனாவ. இருங்க, காப்பி போடுதேன்."

அவர் அடுப்படிக்குப் போனார். வழி காட்ட எனக்கு ஆள் வேண்டியிருக்கவில்லை, கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்விடுவேன். சாமான் அறையை ஒட்டிய மூலை. பெட்ஷீட் மடிப்புக் கலையாமல் இருந்தது. தலைமாட்டில் என் பச்சைத் திரை, துவைத்துச் சுத்தமாக, கம்பியில் தொங்கியது. மயிலோ கொக்கோ என்ன இருக்கிறதென்று பார்ப்போம் என்று திரையை விலக்கினேன்.

இரும்புத் தகடு. ஜன்னல் இருந்த இடத்தை நாலு பக்கமும் அடைத்து, மேலே பெயின்ட் அடித்திருந்தது.

காப்பியோடு வந்த சமையல்காரர் நான் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். "பெட்டிய மாத்தும்போதே அடச்சதும்மா அது. ஜன்னலோரமா நல்ல கட்டிலு அந்தால கெடந்துச்சு. சின்னப் பயலுவ காத்தோட்டமா கெடக்கட்டும்னு அண்ணாச்சிதான் இந்த மூலயக் கேட்டு வாங்குனாவ" என்றார். பிறகு, "வேலைக்குப் போற வழியில மயிலு கியிலு கண்டா நின்னு பாத்துட்டுத்தான் வருவாவ" என்றும் சொன்னார்.

காப்பியைக் குடித்தேன். என்ன ருசி என்று தெரியவில்லை. கோபம் வந்தது என்று சொன்னால் அது பொய். அந்த மூலையில் அவர் சாயங்காலம் படுத்துக்கொண்டு, தகட்டைப் பார்த்துக்கொண்டு, எனக்குக் குளமும் கொக்கும் சொல்லியிருக்கிறார். தூக்குச்சட்டியைக் கட்டில்மேல் வைத்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிட்டேன்.

சாயங்காலம் போன் வந்தது.

"சொதி நல்லா இருந்துச்சு."

"ம்."

"வாறேன்னு சொல்லிருக்கலாம்லா."

"சும்மா வந்தேன்."

நான் பார்த்தது அவருக்குத் தெரியும், சமையல்காரர் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வரவும் இல்லை. அவசர வேலை என்று மெஷினைக் கேரளாப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு ஜன்னலைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால் அவரைக் கேலி செய்த மாதிரி ஆகிவிடும். அவரும் தானாக எதுவும் சொல்லவில்லை. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழை உண்டா, இல்லை. அதோடு போனை வைத்துவிடுவோம். கல்யாணமான புதிதில்கூட நான் இத்தனை தனியாக இருந்ததில்லை. முன்னறையில் மிஷின் சத்தம் நின்றால், பஸ் ஸ்டாண்டு போகிற வண்டிகளின் ஹார்ன் மட்டும் கேட்கும். அந்தத் தகட்டை ஏன் போய்ப் பார்த்தோம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். சின்னப் பெட்டியை ஒரு துணி போட்டு மூடி வைத்துவிட்டேன்.

பங்குனி பிறந்த பிறகு ஒருநாள் துணியை எடுத்தேன். அவருடைய ஜன்னல் கண்ணாடியோடு பளபளவென்று இருந்தது. சில பேர் ஜாக்கெட்டுக்கு அளவு சொல்லும்போது இடுப்பைக் குறைத்துச் சொல்வார்கள். சொல்கிற அளவுக்கு நான் தைத்ததில்லை, டேப் வைத்து உடம்பை அளந்துதான் தைப்பேன். கண்ணாடியை எடுத்தேன். இனிப்பு டப்பா மூடியில் ஒரு துண்டு வெட்டிப் பதித்தேன். பட்டி பார்த்து, தேய்த்து, அதே அரக்கை அடித்தேன். விளிம்பில் ஒரு இடத்தில் பெயின்ட் வழிந்துவிட்டது, அதை அப்படியே விட்டேன். உள்ளே இருந்த திரையை மட்டும் எடுக்க மனசு வரவில்லை.

அன்று சாயங்காலம் போனில், சாப்பாடும் மழையும் முடிந்த பிறகு அவர் வைக்கவில்லை.

"ஒன் ரயிலு முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டு. அந்தப் பக்கம் தகடு அடச்சாச்சு."

யாரோ பாத்திரம் கழுவுகிற ஓசை மட்டும் அங்கே கேட்டது.

"திரை?"

"திரை கெடக்கு. அத எடுக்கல."

"அத வெலக்குனா என்ன தெரியுது?"

பெட்டி, தையல் மிஷின் பலகையின் மேல், தகடு அடித்த பக்கம் என்னைப் பார்க்க இருந்தது. நான் அதைப் பார்த்தேன்.

"நான் தெரியுதேன்" என்றேன். "தைச்சிட்டிருக்கேன்."

"என்ன தைக்க?"

"மேலத்தெருப் பிள்ளைக்குக் கல்யாண ஜாக்கெட். ஊதா."

"லைட்டு போட்டிருக்கியா?"

போடவில்லை. எழுந்து போய்ப் போட்டேன்.

"போட்டாச்சு."

"ஆங்," என்றார் அவர். "இப்பத் தெரியுது."