முட்டு இல்லாத தளம்

தொண்ணூறுகளின் நடுவில் நானும் என் கணவரும் மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் கட்டட வடிவமைப்பு அலுவலகம் நடத்திவந்தோம். இருவருமே சிவில் எஞ்சினியர்கள். அவர் வெளியே அலைந்து வேலை பிடிப்பார். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பேன். இரும்பு உத்தரமும் மேலே போடும் கான்கிரீட்டும் ஒன்றாகச் சேர்ந்து சுமை தாங்குகிற தளங்கள்தான் என் பைத்தியம். அப்படிப்பட்ட தளத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் எவ்வளவு வளையும் என்று கணக்கிடும் புரோகிராமை நானே எழுதியிருந்தேன். அப்படி ஒரு தளத்தைப் போட்டுப் பார்க்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் வழக்கமான கான்கிரீட் தளமே கேட்டார்கள்.

கடைசியில் மறைமலை நகரில் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை முதலாளி, ஷெட்டுக்குள் அப்படி ஒரு மாடித்தளம் போட ஒப்புக்கொண்டார். அன்று வீட்டில் பாயசம் வைத்தேன்.

ஈரக் கான்கிரீட் இறுகும்வரை வெறும் பாரம்தான். அதுவரை இரும்பு தனியாகத்தான் தாங்க வேண்டும். நாங்கள் எடுத்திருந்த உத்தரம் மெல்லியது. கான்கிரீட் இறுகும்வரை தாங்கிப்பிடிக்க அடியில் முட்டுக் கம்பங்கள் நிறுத்தாவிட்டால் நிரந்தரமாகத் தொய்ந்துவிடும் என்று புரோகிராம் சொன்னது. வரைபடத்தில் அதைக் கொட்டை எழுத்தில் எழுதினோம். என் கணவர் மேஸ்திரியிடம் நேரிலும் சொல்லிவிட்டு வந்தார்.

கான்கிரீட் போடும் நாளில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாதித் தளம் முடிந்திருந்தது. அடியில் ஒரு முட்டுகூட இல்லை.

"இன்னா மேடம் பண்றது?" என்றார் மேஸ்திரி. "நாளிக்கு கீழ மெஷின் எறக்கறாங்க. முட்டு நின்னுகினு இருந்தா வண்டி எப்டி உள்ள வரும்? ஓனர்தான் எடுக்க சொன்னாரு."

என் கணவர் முதலாளியிடம் ஓடினார். நானும் பின்னாலேயே போனேன்.

"சார், உடனே நிறுத்தச் சொல்லுங்க. நடுவுல பள்ளம் விழும். பள்ளத்த நிரப்ப இன்னும் கான்கிரீட் கொட்டுவாங்க. அந்த வெயிட்டுல இன்னும் வளையும்."

முதலாளி சிரித்தார். "இவ்ளோ பெரிய இரும்பு வளையுமா சார்? கம்ப்யூட்டர் பாத்துப் பாத்து உங்களுக்கு எல்லாமே பயம்."

திரும்பி வந்து தளத்துக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். உத்தரம் வளைந்திருப்பது கண்ணுக்கே தெரிந்தது. மேலே ஆட்கள் பள்ளத்தைக் கான்கிரீட்டால் மட்டம் செய்துகொண்டே போனார்கள். கத்திக் கத்தி என் கணவருக்குத் தொண்டை கட்டிப்போனது.

கான்கிரீட் கொட்டக் கொட்டத் தளம் தொய்ந்ததால் மட்டமும் நிற்கவில்லை. கான்கிரீட் நன்றாக இறுகுவதற்காகத் தளத்தின் மேல் கட்டிவைத்த தண்ணீரை வடித்தபோது, நடுவில் மட்டும் குட்டையாகத் தேங்கி நின்றது. மாடியில் கொண்டுவைத்த மெஷின் எதுவும் மட்டமாக உட்காரவில்லை. "புருஷனும் பொண்டாட்டியும் கம்ப்யூட்டர வெச்சுக்கிட்டு என் தளத்த நாசம் பண்ணிட்டாங்க" என்று முதலாளி பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். வரைபடத்தை எடுத்துக்காட்டி வாதாடினோம். கேட்க ஆளில்லை. பேசிவைத்திருந்த வேலைகள் ஒவ்வொன்றாகக் கைநழுவின.

ஒரு மத்தியானம், முட்டு இல்லை என்று வைத்துப் புரோகிராமை மறுபடி ஓட்டினேன். தளத்தில் என் கணவர் அளந்துவந்த தொய்வு அப்படியே திரையில் வந்தது.

"சரியா வந்துடுச்சா?" என்று கேட்டார்.

"வந்துடுச்சுங்க."

"யார்கிட்ட காட்டப் போற?"

கம்ப்யூட்டரை அணைத்தேன்.

அந்தத் தளத்தை உடைத்துவிட்டு வழக்கமான கான்கிரீட்டிலேயே போட்டுக்கொண்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். என் கணவர் சூப்பர்வைசர் வேலைக்கு மஸ்கட் போனார். நான் அலுவலகத்தைக் காலி செய்துவிட்டு, படப்பைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தப் போனேன்.

அவர் வெள்ளிக்கிழமைகளில் போன் செய்வார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்பேன், வெயிலைப் பற்றிச் சொல்வார். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு வராது. தளங்களைத் தவிர நாங்கள் வேறெதையும் பேசிப் பழகியிருக்கவில்லை. தளத்தைப் பற்றி மட்டும் இருவரும் வாயே திறக்கவில்லை.