விசுவகர்மா பூஜையன்று ஒரு கார்புரேட்டர்

எங்கள் பழைய கார் பெட்ரோலாகக் குடித்துத் தீர்த்தது. தொண்ணூறுகளின் கடைசியில் அதற்கு வேறு கம்பெனியின் புது கார்புரேட்டர் ஒன்றை வாங்கிவந்தேன். பொருத்த உட்கார்ந்த நாள் விசுவகர்மா பூஜை. வங்காளிகள் கருவிகளுக்குப் பூஜை போடும் அன்று, எங்கள் பாலிகஞ்சில் எந்த மெக்கானிக்கும் கருவியைத் தொடமாட்டார். ஊரே மாடியில் பட்டம் விடும்.

"இன்னிக்கு வேண்டாமே" என்றார் கணவர்.

"நமக்கு ஆயுத பூஜை அடுத்த மாசம்தான். என் ஸ்பேனருக்கு இன்னிக்கு லீவு கிடையாது" என்றேன்.

பழையதைக் கழற்றினேன். எஞ்சினுக்குள் நட்டு விழாமலிருக்க, திறந்திருந்த துவாரத்தில் அவருடைய கிழிந்த பனியனைத் திணித்தேன். புதியதன் துளைகள் பொருந்தவில்லை. நடுவில் ஒரு தகடு கொடுத்து முறுக்கினேன். சாவியைத் திருப்பினால் எஞ்சின் முக்கியதே தவிர கிளம்பவில்லை.

"எஞ்சினுக்கும் இன்னிக்கு பூஜை லீவு, பௌதி!" என்று அண்ணி முறை வைத்து மாடியிலிருந்து கத்தினார் பக்கத்து வீட்டுக்காரர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கணவர் மெதுவாகக் கேட்டார்: "என் பனியன் எங்கே?"

மறுபடி எல்லாவற்றையும் கழற்றி அதை உருவினேன். அப்புறம் சாவியைத் தொட்டதுமே எஞ்சின் உறுமியது. எதிராளியின் பட்டத்தை அறுத்தால் போடும் "போகாட்டா!" கூச்சலை மொட்டைமாடி மொத்தமும் எங்களுக்காகப் போட்டது.

அடுத்த மாதம் ஆயுத பூஜையன்று பார்த்தால், என் ஸ்பேனர்களுக்கு நடுவே அந்தப் பனியனையும் மடித்துவைத்துச் சந்தனப் பொட்டு இட்டிருந்தார் கணவர்.