மால்சுக் பிடித்த சாணை

பூசான் நகர மீன் சந்தைக்குப் பின்னால் ஓடும் தெருவில், பச்சை மீனை மெல்லிசாக அறுத்துப் பரிமாறும் கடைகள் ஏறக்குறைய அறுபது உண்டு. நாற்பத்தெட்டு வயதுவரை மால்சுக்குக்கு அந்தத் தெருவில் பகை என்று ஒருவரும் இருந்ததில்லை. அங்கே ஒரு கடையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தாள். செதில் சுரண்டுவாள், குடல் எடுப்பாள், பாத்திரம் கழுவுவாள். மதியக் கூட்டம் ஓய்ந்ததும் கொல்லைப்புறம் பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டுக்கொண்டு கடைக் கத்திகளுக்குச் சாணை பிடிப்பாள். யாரும் சொல்லித்தந்ததல்ல. மழுங்கின கத்தியால் அறுத்து மணிக்கட்டு வீங்கிப்போய், அவளாகப் பழகிக்கொண்டது. பக்கத்துக் கடை மாஸ்டர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகத் தங்கள் கத்தியையும் நீட்டினார்கள்.

முதலாளியின் மகன் ஜின்தே இதைக் கவனித்தான். சியோலில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து, வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

"சித்தி, இதை ஒரு கம்பெனியா பண்ணுவோம். கத்திக்குச் சந்தா! செல்போன்ல ஒரு தட்டு தட்டுனா போதும், நாம வந்து எடுத்துட்டுப் போய் தீட்டிக் கொண்டாந்து குடுத்துடுவோம். உலகத்துலயே ஒருத்தன் இப்படிப் பண்ணல."

"உலகம் கெடக்கட்டும். இந்தத் தெருவுல தாக் மாஸ்டர் தன் கத்தியைப் பொண்டாட்டி தொட்டாலே கத்துவாரு. உன் செல்போனுக்கா குடுக்கப் போறாரு?"

"நீங்க கேட்டா குடுப்பாரு. கம்பெனில உங்களுக்கும் பங்கு சித்தி, சத்தியமா."

மால்சுக் கேட்டாள், தாக் கொடுத்தார். அவர் கொடுத்ததைப் பார்த்து மற்றவர்களும் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் நாற்பத்தொரு கடை சேர்ந்தது. எந்த மாஸ்டர் இடக்கையர், எந்தக் கத்திக்கு ஒரு பக்கம் மட்டும் சாணை, எதற்கு இரண்டு பக்கமும் என்பதெல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. பங்குக்குக் கையெழுத்து எப்போது என்று கேட்டால், "அடுத்த மாசம் சித்தி" என்பான்.

அந்த அடுத்த மாதத்தில் ஜின்தேக்குப் புதுத் தொழில் போட்டியில் முதல் பரிசு கிடைத்தது. மேடையில் பெரிய எழுத்தில் அவன் பெயர். முதலீடு போட ஆள் வந்தார். ஏழாவது மாடியில் அலுவலகம் திறந்தான். மணிக்கு எழுபது கத்தி தீட்டும் இயந்திரம் வந்து இறங்கியது. திறப்பு விழாவில் மால்சுக் பழத்தட்டு எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். முதலீட்டுக்காரர் அவளைக் காட்டி, "இந்தம்மா யாரு?" என்று கேட்டார்.

"ஆரம்பத்துல கூட இருந்தாங்க. கல்லுல தேய்க்கிறது யாருக்கும் வந்துடும் சார். ஐடியாதான் சொத்து. அது என்னுது" என்று சிரித்தான் ஜின்தே.

அன்று சாயங்காலமே, இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டான். கையில் ஒரு பெட்டி கொடுத்தான். உள்ளே கம்பெனி பெயர் அச்சடித்த மூன்று கைத்துண்டுகள். வீட்டுக்குப் போன மால்சுக் ஒரு துண்டை வாசலில் மிதியடியாகப் போட்டாள். கிம்ச்சி ஊறுகாய்க்கு வாங்கியிருந்த முள்ளங்கி முழுவதையும், அடுத்த வாரத்துக்கு என்று வைத்திருந்ததையும் சேர்த்து, நறுக்கித் தள்ளினாள்.

"யாரைடி நறுக்குற?" என்று கேட்டார் கணவர்.

"தலையில இருந்து ஆரம்பிச்சு இடுப்பு வரைக்கும் வந்திருக்கேன்" என்றாள்.

மறுவாரம் தெருமுனைத் தள்ளுவண்டியில் நின்று, குச்சியில் குத்திய ஓமுக் மீன்வடை தின்றுகொண்டிருந்தபோது ஜின்தேயின் வேன் வந்தது. தாக் மாஸ்டர் தன் கத்திப்பெட்டியை ஓட்டுநரிடம் கொடுப்பது தெரிந்தது. முப்பது வருடத்துக் கத்தி; தீட்டித் தீட்டி இரண்டு விரல் அகலத்துக்குத் தேய்ந்தது, ஒரு பக்கம் மட்டும் சாணை கண்டது. இயந்திரம் இரண்டு பக்கமும் கடித்துவிடும் என்று மால்சுக்குக்குத் தெரியும். அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள் என்ற நம்பிக்கையில்தான் தாக் கொடுக்கிறார் என்பதும் தெரியும். ஓடிப்போய்த் தடுக்க இருபது அடி. அவள் குச்சியைக் குழம்பில் இன்னொரு தரம் தோய்த்தாள். வேன் போய்விட்டது.

கத்தி மறுநாள் திரும்பி வந்தது. தாக் ஒரு துண்டு மீன் அறுத்துப் பார்த்தார். சதை நார்நாராகப் பிய்ந்தது. கடையை இழுத்து மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டார்.

அன்று மூன்று மணிக்கு மால்சுக் தெருவில் இறங்கினாள். ஒரு வாளி, மூன்று சாணைக்கல், அதே பிளாஸ்டிக் முக்காலி. ஒவ்வொரு கடையாக நுழைந்தாள்.

"தாக் மாஸ்டர் கத்தியைப் பாத்தீங்களா? கொலை பண்ணிட்டானுங்க. உங்க கத்தியை எங்கயும் அனுப்ப வேணாம். உங்க கண்ணு முன்னாலயே தீட்டுறேன். மூணுல இருந்து அஞ்சுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்."

"சந்தா என்ன, போன்ல எதாவது தட்டணுமா அக்கா?" என்று கிண்டல் செய்தார் விலாங்குக் கடைக்காரர்.

"என் முதுகுல தட்டு, திரும்பிப் பாப்பேன்."

முதல் வாரம் பதினொரு கடைகள் அவள் பக்கம் வந்தன. எந்தக் கடை வந்தாலும் ஜின்தேயின் அலுவலகத்துக்கு அவளே போன் போட்டு, "இன்னிக்கு விலாங்குக் கடை என்கிட்ட வந்துடுச்சு, கணக்கிலிருந்து எடுத்துடுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைப்பாள். சொன்ன நாளெல்லாம் அவளுக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது. குளிர்காலம் முடிவதற்குள் ஜின்தேயிடம் ஒரு கடையும் மிஞ்சவில்லை. இயந்திரத்தை லாரியில் ஏற்றியபோது, அதைப் பார்ப்பதற்கென்றே எதிர்த்த நடைபாதையில் போய் நின்றாள்.

கம்பெனி விழுந்தும் ஜின்தே விழவில்லை. தோற்ற கதையைச் சொல்லவே மேடை கிடைத்தது அவனுக்கு. புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர்களுக்கு, காலத்தை முந்திப் பிறந்த ஐடியாவைப் பற்றிப் பேசினான். சுவரொட்டியைப் பார்த்த மால்சுக், ரப்பர் பூட்ஸோடு, மீன்வாடையோடு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். கேள்வி நேரத்தில் எழுந்தாள்.

"ஜின்தே, நம்ம தெருவுல மாஸ்டருங்க கத்தியைக் கீழ வைக்கிற நேரம் எதுப்பா?"

"ராத்திரி... கடை மூடுனப்புறம்."

"மூணுல இருந்து அஞ்சு. உன் வேன் கத்தியை மறுநாள்தான் கொண்டாந்துச்சு. சாயங்காலக் கூட்டத்துக்கு அவங்க பல்லாலயா மீன் அறுப்பாங்க?"

அரங்கம் சிரித்தது. ஜின்தே மைக்கை இறுக்கிப் பிடித்தான். "ஐடியா என்னுது சித்தி. அதை யாரும் மறுக்க முடியாது."

"நீயே வச்சுக்கோ. அதை நான் எடுக்கலியே. கடைங்களைத்தான் எடுத்தேன்."

அந்தச் சிரிப்பு ஒரு மாதத்துக்கு அவள் காதில் இனித்தது. இனித்த வாய் சும்மா இருக்குமா? விலாங்குக் கடையில் சோஜு குடிக்கும்போது, தாக்கின் பெட்டி வேனில் ஏறியதைத் தான் பார்த்துக்கொண்டே ஓமுக் தின்றதையும் சொல்லிச் சிரித்துவிட்டாள். தெருவில் எந்தப் பேச்சும் ஒரு நாளுக்கு மேல் தங்காது.

மறுநாள் மூன்று மணிக்குத் தாக் தன் கடை வாசலில் நின்றிருந்தார்.

"நீ பாத்தியாம்மா?"

"பாத்தேன் மாஸ்டர்."

"என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும்."

"அவன் முட்டாள். அவனுக்குத் தெரியல. நீ தெரிஞ்சு நின்ன." புதுக் கத்தி வாங்கியிருந்தார். கைக்கு இன்னும் பழகாத கத்தி. அதை அவரே கோணலும் மாணலுமாகத் தீட்டியிருந்தார். அவள் சட்டென்று குனிந்து வணங்கினாள். நிமிர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது.

இன்று மால்சுக்கிடம் ஐம்பத்தெட்டுக் கடைகள், மூன்று பெண்கள் வேலைக்கு. அவர்களுக்குப் பங்கு உண்டு என்று முதல் நாளே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிட்டாள். தாக்கின் கடையை மட்டும் தாண்டிப் போகிறாள். தாண்டும்போது வாளியைக் கை மாற்றிக்கொள்வாள். தண்ணீர் கொஞ்சம் சிந்தும்.

வருத்தம் இருக்கிறதா என்று விலாங்குக் கடைக்காரர் ஒருமுறை கேட்டார்.

"தாக் மாஸ்டர் கத்திக்கு, சாகுற வரைக்கும்" என்றாள் மால்சுக், கல்லில் தண்ணீர் தெளித்தபடி. "ஜின்தே விஷயத்துல, துளி இல்ல. அவன் இன்னொரு கம்பெனி ஆரம்பிக்கப் போறானாம். ஆரம்பிக்கட்டும். எங்கன்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்க."