விசிறி இல்லாத போட்டும் என் மாமனாரும்

எங்களுக்கு வரும் போன் எல்லாம் கீழே இருக்கும் மருந்துக்கடைக்குத்தான் வரும். போன வாரம் ஒருநாள் காலையில் கடைக்காரர் தெருவில் நின்றபடியே மாடியைப் பார்த்துச் சத்தம் போட்டார். “சார், குத்தாலத்துல இருந்து போன். யாரோ கப்பல் அண்ணாச்சி தவறிட்டாராம். ஒங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க.” அது யாருடைய பெயர் என்று அவருக்குத் தெரியாது. மாடிப்படியில் தண்ணீர் வாளியோடு நின்ற என் மனைவி கோமதிக்குத் தெரியும். பெற்ற தகப்பனின் சாவை ஒரு பட்டப்பெயரில் கேட்கும்படி ஆகிவிட்டது அவளுக்கு. வாளியைக் கீழே வைத்தாள். “எங்க அப்பா பேரு ஆவுடையப்பன்னு அவர்ட்ட சொல்லுங்க” என்று என்னிடம் சொல்லிவிட்டு, அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

குற்றாலத்தில் சீசன் கடை போட்டவர்கள், மேலகரத்தில் அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள், அவரிடம் அண்டாவும் குத்துப்போணியும் வாடகைக்கு எடுத்தவர்கள் என்று உங்களில் எத்தனையோ பேருக்கு அவரைத் தெரியும். அந்தப் பட்டப்பெயரைச் சூட்டியதும் உங்களில் யாரோதான். நான் அதற்காகச் சண்டைக்கு வரவில்லை. வர எனக்கு யோக்கியதையும் கிடையாது. அந்தக் கப்பலை அவர் விலைபேசிய அன்று கூட இருந்தவன் நான். அது குளத்தில் நின்றுபோன அன்று ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தவனும் நான்தான்.

சீசனுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் அறை எடுத்துத் தங்கி அவர்களே சமைத்துச் சாப்பிடுவார்கள். அவர்களுக்குப் பாத்திரமும் ஸ்டவ்வும் வாடகைக்குக் கொடுப்பது அவர் தொழில். திரும்பி வருகிற சட்டிகளைக் கடைக்குப் பின்னால் குத்தவைத்து அவரே தேய்ப்பார். எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கோமதியைப் பார்க்கலாம் என்று தரகர் சொன்னபோது, கீழப்பாவூரில் என் அம்மா முகத்தைச் சுளித்தாள். “ஊர்ச் சட்டி கழுவுத வீட்டுலயா பொண்ணு எடுக்கணும்?” என்றாள். அப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் அந்தக் கெத்து கொஞ்சம் அதிகம். தரகருக்கு வாய் நிற்காது. அம்மா சொன்னதை அப்படியே கொண்டுபோய் கோமதியின் அப்பாவிடம் கொட்டிவிட்டார். அவர் கோபப்படவில்லையாம். “அவிய சொல்லுதது சரிதான். சட்டி கழுவுதவன் மவன்னு சொன்னா எம்புள்ள தலை குனிஞ்சிரும்லா. ஒரு சீசன் பொறுங்க. போட்டு ஓட்டுதவன் மவன்னு சொல்ல வைக்கேன்” என்றாராம். மகளையும் மவன் என்றுதான் சொல்லுவார்.

போட்டு வாங்கும் யோசனை அவருக்கு ஏற்கெனவே இருந்திருக்கிறது. காலையில் அருவியில் குளித்துவிட்டு வருகிற கூட்டம் சாயங்காலம் என்ன செய்வது என்று தெரியாமல் பஜாரைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்தே வந்த யோசனை. புதுப் போட்டுக்குக் கையில் வசதி இல்லை. கொல்லத்தில் ஒரு பழைய போட்டு சல்லிசாக வந்தது. பின்னால் தண்ணீருக்குள் சுழலும் விசிறி வைத்த இன்ஜின். அந்த விசிறியைப் பார்த்ததுமே வேண்டாம் என்று திரும்பிவிட்டார். நம் குளத்தில் பிள்ளைகள் குதித்து விளையாடும், ஒரு கால் மாட்டினால் போச்சு என்பது அவர் கணக்கு. அப்புறம்தான் புனலூருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் விசிறியே இல்லாத போட்டு ஒன்று சும்மா கிடப்பதாகக் கேள்விப்பட்டார். பழைய முதலாளி ஆசைக்கு வாங்கி ஓட்டிவிட்டுப் போட்டுப்போனது. அடியில் இருக்கும் ஒரு வாய் தண்ணீரை உறிஞ்சும். பின்பக்கக் குழாய் வழியாக அதைப் பீச்சி அடித்துக்கொண்டே முன்னால் ஓடும். அதற்கு இங்கிலீஷில் ஒரு புத்தகம் இருக்கிறது, படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் அப்போது செங்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. புத்தகம் சாக்குதான் என்பது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்ததுமே புரிந்துவிட்டது. சம்பளம் முதல் செரிமானம் வரை விசாரித்தார். அன்றைக்கு அவர் சோதித்துப் பார்க்கப் போனது போட்டை மட்டுமல்ல.

எஸ்டேட்டில் அவர் செய்ததை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. மாட்டுச் சந்தையில் காளையைப் பார்ப்பதுபோல அந்தப் போட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். முதுகைத் தட்டினார். அண்டாவில் கீறல் பார்ப்பதுபோல விரல் முட்டியால் உடம்பெல்லாம் கொட்டிச் சத்தம் கேட்டார். பின்குழாய்க்குள் கையைவிட்டுத் துழாவினார். எல்லாம் முடிந்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து மேனேஜரின் கைமேல் போட்டு, அதற்குள் தன் கையை நுழைத்து அவர் விரல்களைப் பிடித்தார். நம் சந்தைகளில் வெளியே தெரியாமல் விலை பேசுகிற முறை. கழுத்துப்பட்டை கட்டிய அந்த மலையாளத்து மனிதருக்கு என்ன தெரியும்? “எந்தா இது?” என்று கையை உதறிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். நான் ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “மாப்ள, கொஞ்சம் வெளக்கிச் சொல்லுங்க” என்றார் அவர். நிச்சயம்கூட ஆகவில்லை, அதற்குள் மாப்ள. நாக்குக் குழற விளக்கிச் சொன்னேன். மேனேஜர் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஆபீஸில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு, அவராகவே துண்டுக்குள் கையை விட்டார். துண்டு கொஞ்ச நேரம் அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. விலை முடிந்துவிட்டது. என்ன விலை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒரு குறை இருந்தது. தண்ணீர் உறிஞ்சுகிற வாயில் குப்பை போகாமல் தடுக்கும் கம்பித் தட்டி துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. கொச்சியில் கிடைக்கும் என்றார் மேனேஜர். கொச்சிக்குப் போகவர, வாங்க என்று பார்த்தால் மாமனாருக்குக் கையைக் கடிக்கும். “அதுக்கு நம்ம கடையிலயே சாமான் இருக்கு” என்று சொல்லிவிட்டார். வாழைத்தார் லாரி ஒன்றில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் போட்டை ஏற்றி, ஆரியங்காவு வழியாகக் கொண்டுவந்தோம். செங்கோட்டைக் கடைத்தெருவில் யாரோ, “ஏலே, கப்பல் வருதுலே!” என்று கத்தினான். லாரிக்குப் பின்னால் பாதி ஊர் ஓடிவந்தது. என் அலுவலகத்தைத் தாண்டும்போது நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல உட்கார்ந்திருந்தேன். அவர் லாரியின் மேலே போட்டுக்குள் நின்று எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டு வந்தார். கடைக்கு வந்ததும் அவர் எடுத்து மாட்டிய சாமான் எது தெரியுமா? கல்யாண வீடுகளுக்கு வாடகைக்குப் போகிற பெரிய பூந்திக் கரண்டி. காம்பை வெட்டிவிட்டு, தண்ணீர் வாய்க்கு நேராகக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். குளத்தில் கிடந்த தண்ணீரில் ஓட்டிப் பார்த்தோம். அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி ஓடியது.

ஆனி மாதச் சாரலில் குளம் நிறைந்தது. பாசனக்காரர்களிடம் சொல்லி அனுமதி வாங்கியிருந்தார். காலையில் போட்டுக்குப் பூஜை, மத்தியானம் சாப்பாடு, அதன்பிறகு எனக்கும் கோமதிக்கும் நிச்சயதாம்பூலம் என்று ஒரே நாளில் வைத்துக்கொண்டார். போட்டின் முதல் ஓட்டத்தில் சம்பந்தி வீட்டார்தான் ஏற வேண்டும், மாப்பிள்ளைதான் ஓட்ட வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. அய்யர் தேங்காய் உடைத்தார். போட்டின் மூக்கில் மாலை மாலையாகத் தொங்கியது. பூஜை முடிந்ததும் நம் வழக்கப்படி கரையில் நின்ற அத்தனை பேரும் பூவையும் மாலையையும் குளத்தம்மனுக்கு என்று தண்ணீரில் போட்டார்கள். யாருக்காவது தோன்றியிருக்க வேண்டும். எங்கள் யாருக்குமே தோன்றவில்லை. அந்த இங்கிலீஷ் புத்தகத்தை மூன்று தடவை படித்திருந்த எனக்கும் தோன்றவில்லை.

அப்பா, அம்மா, நான், கூடவே அவரும் ஏறி ஒரு சுற்றுப் போய்விட்டுத் திரும்புகிறோம். கரை எட்டிப்பிடிக்கிற தூரம்தான். மிதந்த மாலைகளை எல்லாம் அந்த வாய் உறிஞ்சிக்கொண்டது. பூந்திக் கரண்டியின் கண்களில் அரளியும் செவ்வந்தியும் அடைத்துக்கொள்ள, இன்ஜின் உறுமுகிறதே தவிர போட்டு நகரவில்லை. நான் நிறுத்தினேன். “ஒண்ணுமில்ல சம்பந்தி, இந்தா ஒரு நிமிசம்” என்று சொல்லிவிட்டு, நிச்சயத்துக்கென்று உடுத்தியிருந்த ஜரிகை வேட்டியோடு அவர் குதித்தார். மார்பளவுத் தண்ணீர். மூழ்கிக் கைவிட்டு இழுத்ததில் வாழைநார் மாலைகளோடு கரண்டியும் சேர்ந்து வந்துவிட்டது. அதைக் கரையை நோக்கி வீசிவிட்டு, போட்டின் ஓரத்தைப் பிடித்தபடி, “இப்ப போடுங்க மாப்ள!” என்றார். போட்டேன்.

வேட்டியின் ஒரு முனை உள்ளே போய்விட்டது. போட்டு அவரைக் கீழே இழுத்தது. ஒரு கணம் அவர் தலை தெரியவில்லை. மறுகணம் இடுப்பில் இருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டு மேலே வந்தார். வேட்டியை விடாமல் பிடித்திருந்தால் காலோடு போயிருக்கும். இன்ஜின் விக்கி நின்றது. கரையில் இருந்தவர்கள் பதறி எழுந்தார்கள். அவர் முழுசாக நிற்கிறார் என்று தெரிந்ததும் ஒருவன் விசில் அடித்தான். அவ்வளவுதான், கரை முழுக்கச் சிரிப்பு. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். “என்னை எறக்கிவிடுங்க, ஊருக்குப் போவோம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவர் கழுத்துவரை தண்ணீரில் இறங்கி நின்றார். மழைத்தூறல் தலையில் விழுந்துகொண்டிருந்தது. என்னைப் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. அப்பாவிடம் சொன்னார். “சம்பந்தி, எனக்குள்ள மானம் போச்சு. அது போவட்டும். எம்புள்ளைய இதுல சேத்துப் பாக்காதிய.” அவர் குரல் அப்படி உடைந்து நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. அப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

கரையில் யாரும் அசையாமல் நின்றபோது, கோமதி பந்தலுக்குள் போய் நிச்சயத் தட்டில் எனக்கென்று வைத்திருந்த வேட்டியை எடுத்து வந்து, குளத்து மடையைத் திறந்து மூடுகிற மடைக்காரரிடம் கொடுத்தாள். மடைக்காரர் அதைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்துவந்தார். என் நிச்சய வேட்டியைத் தண்ணீருக்குள் நின்றே கட்டிக்கொண்டு, போட்டின் கயிற்றைத் தோளில் போட்டு, எங்களைக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனார் என் மாமனார். நாங்கள் மூன்று பேரும் சப்பரத்துச் சாமிகளைப்போல உள்ளே உட்கார்ந்திருந்தோம். நான் இறங்கி இழுத்திருக்கலாம். காலில் புது பூட்ஸ் இருந்தது.

கரை ஏறியதும் அப்பா வாட்ச்சைப் பார்த்தார். “சாப்பாடு ஆறுதுல்லா. எலையப் போடச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு முதல் பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டார். கை நனைத்த வீட்டில் பெண் வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? அம்மாவும் பின்னாலேயே போனாள். சாயங்காலம் நிச்சயமானது. தட்டில் வேட்டிக்குப் பதில் ஒரு துண்டு இருந்தது.

அந்தப் போட்டு அப்புறம் நான்கைந்து சீசன் ஓடியது. கொல்லரிடம் கம்பித் தட்டி செய்து மாட்டினார். பெட்ரோலைக் குடித்துத் தீர்த்ததே தவிர, ஒரு பிள்ளைக்குக்கூட நகம் கீறியதில்லை. “லாபம் வரலன்னா என்ன, கோமதி. ராத்திரி ஒறக்கம் வருதுல்லா” என்பார். ஆனால் போட்டு ஓட்டுகிறவர் என்று யாரும் அவரைச் சொல்லவில்லை. கப்பல் என்றார்கள். கூப்பிட்டவர்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்.

என்னிடம் மட்டும் அவர் பழையபடி இல்லை. குளத்தில் நடந்ததற்காக நான் வெட்கப்படுகிறேன் என்று அவருக்குத் தெரிந்துபோயிருந்தது. அது உண்மையும்கூட. மாற்றலாகித் திருநெல்வேலி வந்த பிறகு, என் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகத்தான் வருவார். என்னோடு வேலை பார்க்கிறவர்கள் யாராவது இருந்தால் அடுக்களையிலேயே இருந்துகொள்வார். எங்கள் மகளின் காதுகுத்துக்கு வந்தவர் பந்தியில் உட்காராமல் பாத்திரங்களோடு நின்றார். நான் கூப்பிட்டேன். கூப்பிட வேண்டிய அளவுக்குக் கூப்பிட்டேனா என்று கேட்டால், இல்லை. “மாப்ளைக்கு ஆபீசுல மதிப்பு இருக்கு. நம்மால அது கொறையப்படாது” என்று கோமதியிடம் சொல்லியிருக்கிறார். அவள் என்னிடம் சொன்னாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

போன சீசனில் கண் சோதனைக்காகத் திருநெல்வேலிக்கு வந்தார். பஸ் நிலையத்தில் நான் என் மேலதிகாரியோடு நிற்கிறேன். ஓலைக்கூடையில் மங்குஸ்தான் பழத்தோடு எதிரே வந்துவிட்டார். இந்தத் தடவை ஒதுங்குவதற்கு அவருக்கு இடம் இல்லை. அதிகாரி அவருடைய முழங்கால்வரை ஏறிய வேட்டியையும் பாத்திரக் கறை படிந்த விரல்களையும் பார்த்துவிட்டு, “யாருய்யா இவரு?” என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார். “ஊர்க்காரன்யா. சாருக்கு நம்ம பக்கந்தான்” என்று கும்பிட்டார். “புள்ளைகளுக்குக் குடுங்க சார்” என்று கூடையை என் கையில் கொடுத்துவிட்டுத் தென்காசி பஸ்ஸில் போய் ஏறிக்கொண்டார். என்னை அவர் சார் என்று கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். அதன்பிறகு அவரை நான் உயிரோடு பார்க்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ‘யாருய்யா இவரு?’ என்ற அந்தக் கேள்விதான். அது என்னிடம் கேட்கப்பட்டது. நான் சொல்ல வேண்டிய பதிலை, என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து அவர் சொல்லிவிட்டுப் போனார். இப்போது நீங்கள் எல்லாரும் கேட்க நான் சொல்கிறேன். அவர் ஊர்க்காரர் இல்லை சார். என் மாமனார்.