உள்வழியில் போன விண்ணப்பம்

அடுத்தவர்களுடைய இணையதளங்களைக் கிளவுடில் ஏற்றி, அவை விழாமல் பார்த்துக்கொள்வதுதான் பதினாறு வருஷமாக என் பிழைப்பு. விழாத வரைக்கும் ஒருத்தருக்கும் என் ஞாபகம் வராது. விழுந்தால் அம்பத்தூர் ஆபீஸில் ஆரம்பித்து அத்தனை பேருக்கும் வரும். ஊரிலிருந்து அம்மா போன் செய்தால், உனக்கென்னடி, ஏசியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்பாள். உண்மைதான், உட்கார்ந்து உட்கார்ந்தே கழுத்தும் கண்ணும் போய்விட்டன. அதைச் சொன்னால் தைலம் தடவச் சொல்வாள்.

போன வருஷம் எங்களிடம் ஒரு பள்ளிக்கூடத்தின் வேலை வந்தது. பூந்தமல்லிப் பக்கம் பெயர் வாங்கிய பள்ளி. ஆறாம் வகுப்புக்கு ஆன்லைனில்தான் விண்ணப்பம். காலை பத்து மணிக்குத் திறக்கும், முதலில் வருகிறவர்களுக்கு இடம். அதற்கு முந்தைய வருஷம் பத்து மணி ஒரு நிமிஷத்துக்கே தளம் படுத்துவிட்டதாம். பெற்றோர்கள் பள்ளி கேட்டில் போய் நின்று கத்தியிருக்கிறார்கள். பாவம், கத்தாமல் என்ன செய்வார்கள்.

நான் அதைப் பிரித்துப் புதிதாகக் கட்டினேன். ஜனங்கள் வந்த வரிசைப்படி உள்ளே போக ஒரு முன்வாசல். கூட்டம் ஏறினால், பண்டிகைக்கு ஸ்பெஷல் பஸ் விடுகிற மாதிரி, தளத்தின் பிரதிகள் தானாகக் கூடும். கூட்டம் இறங்கினால் குறையும். விண்ணப்பங்கள் போய்ச் சேரும் டேட்டாபேஸ் மட்டும் வெளி இணையத்தின் கண்ணில் படாது. தளத்துக்கும் அதற்கும் நடுவே தனி இணைப்பு. எங்கள் ஆபீஸ் லேப்டாப்புகளுக்கு மட்டும், முன்வாசலின் வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே போக ஓர் உள்வழி வைத்தேன். சோதித்துப் பார்ப்பதற்காக. அந்த வழியில் வந்ததெல்லாம் சோதனைப் பதிவுகள் என்று மாலை ஆறு மணிக்குத் தானாகவே அழிந்துவிட வேண்டும் என்ற விதியையும் நான்தான் எழுதினேன். உள்ளே இருப்பவர்கள் கொல்லைப்புறமாக யாரையும் நுழைத்துவிட முடியாது பாருங்கள் என்று மீட்டிங்கில் பெருமை வேறு. எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம்.

திருவேற்காட்டில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே வண்டி போட்டு இஸ்திரி போடுகிற பெண் ஒருத்தி. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அந்த இடத்திலெல்லாம் வயல் இருந்தபோது அவள் மாமியார் நாற்று நட்டவராம். இப்போது அதன்மேல் நிற்கிற நாலு பிளாக்குக்கும் இவள் துணி தேய்க்கிறாள். இரண்டு பெண்கள். மூத்தவள் ஐந்தாவது முடிக்கப் போகிறாள், கணக்கில் கெட்டிக்காரி. அந்தப் பள்ளியில் போட வேண்டும் என்பது அவளுக்கு வெறி மாதிரி. இதைத் தவிர வேறு எதைப் பற்றியும் விண்ணப்பம் திறப்பதற்கு முந்தைய இரண்டு மாதம் அவள் என்னிடம் பேசியதாக நினைவில்லை. அந்த ஃபாரம் என் கைவேலைதான் என்று நானே ஒருநாள் உளறிவிட்டேன்.

விண்ணப்பம் திறக்கிற அன்று வீட்டிலிருந்து வேலை. பத்துக்குக் கால் மணி இருக்கும்போது தேய்த்த துணியைக் கொடுக்க மேலே வந்தாள். ஒரு கையில் துணி, ஒரு கையில் போன். போனில் பள்ளியின் பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தாள். பிறப்புச் சான்றிதழ், ஆதார் எல்லாம் போட்டோ எடுத்துத் தயாராக வைத்திருந்தாள். பத்து அடிச்சதும் அமுக்கினால் சரிதானே என்று கேட்டாள்.

முதல்நாள் முழுக்கத் தளத்தைச் சோதித்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பத்து மணிக்கு என்ன ஆகுமோ என்பதே நினைப்பு. அவள் போனையும், அதன் கீறல் விழுந்த கண்ணாடியையும் பார்த்தேன். முன்வாசலில் போனால் இவள் கதி என்ன ஆகும் என்று தோன்றியது. நான் கட்டிய வாசலை நானே நம்பவில்லை, அதுதான் உண்மை.

"நீ விடு. நான் இங்கேயிருந்தே போட்டுவிடுகிறேன்," என்றேன்.

"நெஜமாவாக்கா? நீ போட்டா மொத ஆளா உளுந்துடும்ல?"

அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது. அவள் போனிலிருந்த போட்டோக்களை முன்கூட்டியே வாங்கிவைத்து, பத்து மணிக்கு ஆபீஸ் லேப்டாப்பில், உள்வழியில், முதல் விண்ணப்பமாக அவள் மகளின் பெயரைப் போட்டேன். ஏற்கப்பட்டது என்று எண் வந்தது. அதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அடுத்த நிமிஷம் நான் திரைக்குத் திரும்பிவிட்டேன். கூட்டம் ஏறியது, பிரதிகள் கூடின, தளம் ஒரு தடவைகூட விக்கவில்லை. சும்மா சொல்லக்கூடாது, அழகாக நின்றது. மதியம் ஆபீஸில் கை தட்டினார்களாம். நான் தலைவலி மாத்திரை போட்டுப் படுத்துவிட்டேன்.

மாலை ஆறு மணிக்கு என் விதி தன் வேலையைச் செய்தது.

அந்த விதி எனக்கு ஞாபகமே வரவில்லை. களைப்பு என்று சொன்னால் சப்பைக்கட்டு. மறந்துவிட்டேன், அவ்வளவுதான். நாலு நாள் கழித்து இடம் கிடைத்தவர்களின் பட்டியல் வந்தது. என் ஜன்னலுக்குக் கீழே நின்று கேட்டாள், "எம்பொண்ணு பேரு வந்துகீதான்னு பாருக்கா." பார்த்தேன். இல்லை. காத்திருப்போர் பட்டியலிலும் இல்லை. உள்ளே போய்த் தேடினேன், அப்படி ஒரு விண்ணப்பமே இல்லை. அப்போதுதான் உறைத்தது.

மேனேஜரிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். பள்ளிக்கு எழுதலாம், ஆனால் உள்ளே இருந்து ஓர் அப்ளிகேஷன் போனது என்று நாமே சொல்கிற மாதிரி ஆகும் என்றார். ஆகட்டும், எழுதுங்கள் என்றேன். எழுதினார். பள்ளியிலிருந்து மரியாதையாகவே பதில் வந்தது. வரிசையில் வராத விண்ணப்பத்தை முன்னால் வைக்க முடியாது, வேண்டுமானால் காத்திருப்போர் பட்டியலில் கடைசியாகச் சேர்க்கிறோம் என்று. கோபப்படவும் வழியில்லை. அவர்கள் சொன்னது என் விதியைத்தான். எனக்கும் ஆபீஸிலிருந்து ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

அவளிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? போய்த்தானே ஆக வேண்டும். பள்ளியின் தப்பு இல்லை, என் தப்பு என்று, வரிசையில் நிற்காத வழியில் போட்டதால் அழிந்துவிட்டது என்று, எனக்குத் தெரிந்த எளிய வார்த்தைகளில் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என் போன்லயும் வந்துச்சுக்கா," என்றாள். "படி எறங்கிக்கினே தொறந்து பாத்தேன். பத்து அடிச்சி ரெண்டு நிமிசம்கூட இல்ல. பேரு போடற எடம் வரிக்கும் வந்துச்சு. நீதான் போட்டுட்டியேன்னு மூடிட்டேன்."

முன்வாசல் அவளுக்காகத் திறந்துதான் இருந்திருக்கிறது. நான் கட்டியது வேலை செய்திருக்கிறது. அதைவிட என்னை அறைந்த சேதி இந்தப் பிழைப்பில் வேறு இல்லை.

காத்திருப்போர் பட்டியலில் கடைசியாகச் சேர்த்தார்கள், ஆனால் அது நகரவில்லை. மூத்தவள் இப்போது நசரத்பேட்டை தாண்டி வேறொரு பள்ளிக்குப் போகிறாள். ஏழு மணிக்கே ஷேர் ஆட்டோவில் ஏறி, பூந்தமல்லியில் இறங்கி, மெட்ரோ வேலைக்காகத் திருப்பிவிட்ட ரோட்டில் நின்று பஸ் பிடிக்க வேண்டும். பால்கனியில் காபியோடு நிற்கும்போது அவள் பையைச் சுமந்துகொண்டு போவது தெரியும். பல நாள் காபி ஆறிப்போகும்.

இந்த வருஷம் சின்னவள் ஐந்தாவது. அதே பள்ளி, அதே ஃபாரம், மறுபடியும் என் தலையில். திறப்பதற்கு முதல்நாள் சாயங்காலம் வேலை முடிந்ததும் கீழே இறங்கிப் போனேன். நாளைக்குப் பத்து மணிக்கு உன் போனிலேயே போடு, முன்வாசல் நன்றாக நிற்கும், நான் பக்கத்தில் வந்து நிற்கிறேன், எதையும் தொடமாட்டேன் என்றேன்.

அவள் என் புடவையைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். மடிப்புக் கலையாமல் மடித்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள்.

"வேணாம் மேடம்," என்றாள். "நீங்க போய் உங்க வேலையப் பாருங்க. நானே போட்டுக்கறேன்."