முதுகு பாடிய பாட்டு

எனலெசி உரலில் மக்காச்சோளம் இடிக்கும்போது, முதுகில் துணியால் கட்டியிருக்கும் பத்து மாத மகன் வெஸி ஒவ்வொரு குத்துக்கும் கெக்கலித்துச் சிரிப்பான். அவள் பாடினால் பிள்ளைக்குத் தூக்கத்தில் கண் செருகிவிடும். அவனுக்கா காது கேட்காது? பக்கத்து வீட்டு ஃபலெசி அப்படிச் சொன்னபோது, "வாயக் கழுவுடி!" என்று சீறினாள்.

தடுப்பூசி நாளில் நர்ஸ் கோண்ட்வே, "புள்ளைய அவுத்துப் பாயில உக்கார வைம்மா" என்றாள். பின்னால் நின்று தகர டப்பாவைத் தட்டினாள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. வெஸி தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் பாட்டுக்குத் தூங்குறானே சிஸ்டர்!"

"நீ பாடுறப்ப உன் முதுகு அதிருது. அதுதாம்மா அவனுக்குத் தெரியுது. மாசமா இருக்கறப்ப காய்ச்சல், தடிப்பு ஏதாச்சும் வந்துச்சா?"

மூன்றாம் மாதத்தில் மூன்று நாள் உடம்பெல்லாம் சிவந்திருந்தது. வெயில் சூடு என்று விட்டுவிட்டாள்.

"ருபெல்லா அம்மையா இருக்கலாம். அது வயித்துல இருக்கற புள்ளையோட காதைக் கெடுத்துடும். உன் தப்பு இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். காதோட கண்ணையும் நெஞ்சையும் பாக்கட்டும்."

தப்பு இல்லையாம். சொல்லிவிட்டால் ஆறிவிடுமா?

மகனை முதுகில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். கேட்காத பிள்ளைக்குப் பாட்டு ஒரு கேடா என்று வாயை இறுக மூடிக்கொண்டாள். பாலம் வரைக்கும் பொறுத்துப் பார்த்த வெஸி, நெற்றியால் அவள் முதுகில் முட்டினான். விடாமல் முட்டினான்.

எனலெசி பாலத்தின் நடுவிலேயே நின்று, அழுதுகொண்டே பாடினாள். முட்டல் நின்றது.