வெயிட்டிங் ரூம் வெளிச்சம்

மதுரையிலிருந்து போடிக்குப் போகிற மீட்டர்கேஜ் பாதையில், உசிலம்பட்டிக்கு முன்னால் மொட்டப்பாறை என்று ஒரு ஸ்டேஷன். வெள்ளைக்காரன் கட்டியது. கருங்கல் சுவர், ஓட்டுக்கூரை, கூரைக்குள் வாடகை இல்லாமல் குடியிருக்கும் புறாக்கள். அங்கே பாயிண்ட்ஸ்மேன் கருத்தக்கண்ணன். தண்டவாளத்தை மாற்றிவிடுவது, மணியடிப்பது, பொழுது சாய்ந்தால் விளக்கேற்றுவது எல்லாம் அவன் பாடு.

சுற்றுப்பட்டு ஜனங்களுக்கு அந்த ஸ்டேஷனில் ரயிலைவிட வெயிட்டிங் ரூம்தான் முக்கியம். சாயங்கால வண்டி நேரத்தில் அங்கேதான் பெண் பார்ப்பார்கள். வீட்டுக்குப் போய், காப்பியையும் குடித்துவிட்டு, பெண் வேண்டாம் என்றால் அது பேரன் காலம் வரைக்கும் பகையாகிவிடும். அதனால் இரண்டு தரப்பும் ரயிலுக்கு வந்தவர்கள் மாதிரி வந்து உட்காருவார்கள். "எங்கிட்டுப் பயணம்?" "சும்மா, தேனி வரைக்கும்" என்று ஒன்றும் தெரியாதவர்கள் போல விசாரித்துக்கொள்வார்கள். பிடித்திருந்தால் பெண்ணின் அப்பாவிடம் வெற்றிலையை நீட்டுவார்கள். பிடிக்கவில்லையா, வண்டி வந்ததும் ஏறிப்போய் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுவார்கள். பிடித்தது, பிடிக்கவில்லை என்று யாரும் அங்கே வாயைத் திறந்து சொன்னதே கிடையாது.

அறையில் சுவரோரமாகத் தேக்கு பெஞ்சு, எதிரே ஆளுயரக் கண்ணாடி, நடுவில் மஞ்சள் கண்ணாடிக் கூண்டு வைத்த பித்தளைத் தொங்கு விளக்கு. சீமெண்ணெய் ஊற்றி அதை ஏற்றிவிட்டால் போதும். கருப்பு மாநிறமாகும், மாநிறம் சிவப்பாகும். டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டவன்கூட அதன் கீழே மாப்பிள்ளைக் களையோடுதான் நிற்பான். கருத்தக்கண்ணன் அதை ஏற்றிவைத்துவிட்டு, மரியாதையாக வெளியே வந்து கொடியோடு நின்றுகொள்வான். எத்தனையோ கல்யாணத்துக்கு விளக்கேற்றியவனுக்கு மட்டும் கல்யாணம் ஆகவில்லை. மூன்று தங்கைகளைக் கரையேற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது.

எண்பதாம் வருஷம் அவனுக்கு இரண்டு சேதி ஒன்றாக வந்தன. தங்கை புருஷன் சோணை கொண்டுவந்தது நல்ல சேதி. எழுமலைப் பேயாண்டி மகள் ராமக்காளை வருகிற வெள்ளிக்கிழமை பார்க்கலாம். இன்னொன்று ஸ்டேஷன் மாஸ்டர் வெங்கடரமணன் சொன்னது. ஸ்டேஷனைப் புதுசாக்கப் போகிறார்கள். பழைய கட்டடத்தை இடித்துவிட்டு கான்கிரீட் கூரை, மொசைக் தரை, சிமெண்டு பெஞ்சு. கம்பியிழுத்துக் கரண்டு கொடுத்தாகிவிட்டதால், எல்லாவற்றுக்கும் முன்னால் டியூப்லைட்.

கருத்தக்கண்ணன் அண்ணாந்து அந்தப் பித்தளை விளக்கைப் பார்த்தான். கட்டடம் எக்கேடோ கெடட்டும். அந்த விளக்கு இல்லாமல் இந்த மூஞ்சியை எவள் பார்ப்பாள்?

மறுநாள் மதுரையிலிருந்து இன்ஜினியர் வந்தார். விளக்கை மட்டும் விட்டுவிடுங்கள் என்றால் ஏன் என்று கேட்பார். அதனால் கருத்தக்கண்ணன் மொத்தக் கட்டடத்துக்கும் சேர்த்து வாதாடினான்.

"இந்தக் கல்லைத் தொட்டுப் பாருங்க சார். சித்திரை வெயில்லயும் சில்லுன்னு இருக்கும். கான்கிரீட் போட்டா பயணி அவிஞ்சு போவாக. இந்த பெஞ்சுல உக்காந்து எம்புட்டுச் சனம் சம்பந்தம் பேசியிருக்கு! இந்தக் கண்ணாடி மாதிரி இப்பக் கெடைக்குமா? புதுசு போடுங்க, வேணாங்கல. பழசை ஒடைக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

வெங்கடரமணன் வாயைப் பிளந்துவிட்டார். மணியடிக்கிறவனுக்குள் இப்படி ஒரு பேச்சாளி இருப்பது அவருக்குத் தெரியாது. அவருக்கும் அந்தக் கட்டடத்தின் மேல் ரகசியமாக ஓர் ஆசை இருந்தது. கூடவே நாலு வார்த்தை சேர்த்துக்கொண்டார். இன்ஜினியர் சுவரைத் தடவினார், கூரையைப் பார்த்தார், பெஞ்சில் உட்கார்ந்தும் பார்த்தார்.

"நீங்க சொல்றது நியாயம்தான். இடிக்க வேணாம்னு எழுதிடுறேன். கூரை இருக்கட்டும், பெஞ்சு இருக்கட்டும், கண்ணாடியும் இருக்கட்டும். அந்தப் புகைபிடிச்ச விளக்கை மட்டும் கழட்டிட்டு டியூப்லைட்டைப் போட்டுடுங்க."

அன்று சாயங்காலம் வெங்கடரமணன் அவன் தோளைத் தட்டி, "ஒன்னாலதான்பா கட்டடமே பொழைச்சது!" என்றார். கருத்தக்கண்ணனுக்கு அந்தக் கட்டடத்தைத் தானே கடப்பாரையால் இடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது.

வேறு வழியில்லாமல் மதுரைக்குப் போய்த் தலைச்சாயம் வாங்கி வந்தான். வெள்ளிக்கிழமை ஒரு முடி விடாமல் பூசிக்கொண்டு, புதுச்சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்தான். வெற்றிலைத் தட்டோடு சோணை பக்கத்தில் இருந்தான். பேயாண்டியும் மகளும் வந்தார்கள். ராமக்காள் சேலைத் தலைப்பை முகத்துக்குப் பாதி இழுத்துவிட்டிருந்தாள். வெங்கடரமணன் பெருமையாக சுவிட்சைத் தட்டிவிட்டுத் தன் அறைக்குப் போனார். டியூப்லைட் இரண்டு தடவை கண்ணடித்துவிட்டுப் பளீரென்று எரிந்தது.

அவன் காப்பாற்றிய கண்ணாடி எதிரே அவனைத்தான் காட்டியது. வியர்வையோடு சாயம் கரைந்து, இரண்டு கன்னத்திலும் கருப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. சோணை அதைப் பார்த்துவிட்டான்.

"மாமா, வாங்க, வண்டி வருதான்னு பாத்துட்டு வருவோம்" என்று பேயாண்டியை அவசரமாக வெளியே கூட்டிப்போனான்.

கருத்தக்கண்ணன் துண்டால் துடைத்தான். துடைக்கத் துடைக்கப் பரவியது.

"வெளிய குழாய் இருக்கு" என்றாள் ராமக்காள். "போய்க் கழுவிட்டு வாங்க. நெசத் தலையைப் பாக்கணும்."

அவமானம் பிடுங்கித் தின்ன, அவன் போய்க் கழுவிவிட்டு ஈரத் தலையோடு வந்து நின்றான். தும்பைப்பூவாக இல்லாவிட்டாலும் அதற்குப் பக்கத்தில் இருந்தது தலை. அவள் உற்றுப் பார்த்தாள்.

"இப்ப ஆளாத் தெரியிறீக" என்றாள். பிறகு எழுந்து நேராக டியூப்லைட்டுக்குக் கீழே வந்து தலைப்பை இறக்கினாள். முகமெல்லாம் அம்மைத் தழும்பு.

"ரெண்டு தடவை இதே பெஞ்சுல உக்காந்திருக்கேன். அந்த மஞ்ச வெளக்குல ரெண்டு பேருக்கும் என்னையப் பிடிச்சுப் போச்சு. வெத்தலையும் மாத்தினாக. பூ வைக்க வந்தன்னைக்குப் பகல்ல பாத்துட்டு, ரெண்டு பேரும் வேணாம்னுட்டாக. ஊரே கூடி நின்னுச்சு."

இரண்டு தடவையும் அந்த விளக்கை ஏற்றியவன் கருத்தக்கண்ணன்தான். திரியை நன்றாகத் தூண்டியும் விட்டிருப்பான்.

"நல்லாப் பாத்துக்கங்க. பெறகு தெரியலைன்னு சொல்லப்படாது."

அவன் பார்த்தான். தழும்பைப் பார்த்தான், நடுங்காமல் நின்ற அந்தக் கண்ணையும் பார்த்தான். அவளைப் போல அந்த வெளிச்சத்தில் நிமிர்ந்து நிற்கத் தனக்குத் தைரியம் இல்லையே என்று வெட்கமாக இருந்தது. இவளை விட்டுவிடக் கூடாது என்றும் இருந்தது.

வெளியே வண்டி வந்து நின்றது. மாப்பிள்ளை முகத்தில் மை வழிந்ததைப் பேயாண்டியும் பார்த்திருந்தார். மகளைக் கூப்பிட்டபடியே ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார். வெற்றிலைத் தட்டு சோணையிடம் இருந்தது, சோணையைக் காணோம். கருத்தக்கண்ணன் ஈரத் தலையோடு பிளாட்பாரத்தில் ஓடினான்.

"மாமா! ஏறாதீக! எனக்குப் பிடிச்சிருக்கு!"

வண்டியில் இருந்த அத்தனை ஜன்னலும் திரும்பிப் பார்த்தன. பேயாண்டி பதறிப்போய்க் காலைக் கீழே வைத்தார்.

"அதுக்கு ஏன்யா இப்புடிக் கத்துறீக? ஊரே பாக்குது."

"பாக்கட்டும் மாமா" என்றான் கருத்தக்கண்ணன்.